டி90-ஐ விற்றுவிட்டுச் சட்டைப்பைக் கேமராவுக்கு மாறலாமா?

4 ஜனவரி 2025

மலேசியாவில், கெடா மாநிலத்து லூனாஸிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணே, மாமா கொடுத்த நிக்கான் டி90 ஒன்று வீட்டில் கிடக்கிறது, 18-105 லென்ஸோடு. தூக்கிக்கொண்டு போகவே சோம்பலாக இருக்கிறது. சோனி ஆர்எக்ஸ்100, முதல் மாடல், பழையது, 850 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார் ஒருவர். டி90-ஐத் தள்ளிவிட்டு அதை வாங்கலாமா? பெரிய கேமராவில்தான் படம் நன்றாக வரும் என்கிறார்களே, அது இன்னும் உண்மைதானா?"

4 ஜனவரி, இரவு 10.20

விற்றுவிடு தம்பி. யோசிக்க ஒன்றுமில்லை.

என்னிடம் இரண்டுமே இருக்கின்றன. டி90 வெளிவந்தது 2008-இல். நான் அடுத்த வருடமே புதிதாக வாங்கினேன். கோயில் திருவிழா, காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நுழையாத ரப்பர் தோட்டமில்லை. ஆர்எக்ஸ்100 வந்தது 2012-இல். எனக்குக் கிடைத்தது 2016-இல், ஒருவர் கைமாற்றியது. வாங்கிய பிறகு டி90 பெரும்பாலும் அலமாரியில் தூங்குகிறது. எது தூங்குகிறதோ அதை விற்பதுதான் புத்தி.

5 ஜனவரி, காலை

சந்தைக்குப் போனவன் இரண்டு கேமராவையும் கையோடு கொண்டுபோய் மீன்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன். டி90, லென்ஸ், பேட்டரி, கார்டு, கழுத்துவார் எல்லாம் சேர்ந்து 1 கிலோ 170 கிராம். சோனி 240. "கிலோ என்ன விலை?" என்று பின்னால் நின்ற அக்கா கேட்டார்.

தராசில் இப்போது மீன் வாடை. கேமராவிலும்.

6 ஜனவரி

தைப்பிங்கிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "சென்சார் பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூடும். இது கணக்கு. பையில் போடுகிற பொம்மையை டிஎஸ்எல்ஆரோடு ஒப்பிடாதீர்கள்."

டிஎஸ்எல்ஆர் என்றால் டி90 மாதிரி உள்ளே கண்ணாடி எழும்பும், லென்ஸ் மாற்றும் கேமரா; சென்சார் என்றால் உள்ளே படம் விழும் தகடு. கணக்கு என்றால் கணக்காகவே பார்ப்போம். சோனியில் இருப்பது ஓரங்குலச் சென்சார் என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் அங்குலமெல்லாம் வராது; 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக் கேமராவில் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். ஓரங்குலத் தடிமனுள்ள குழாயில் படம் விழுகிற இடம் மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர் பக்கம்தான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போன பிறகும் துரை பங்களா என்கிறோமே, அந்தக் கதை.

டி90-இன் சென்சார் 23.6க்கு 15.8. பெருக்கிப் பார்த்தால் சோனி 116 சதுர மில்லிமீட்டர், நிக்கான் 373. ஏறக்குறைய 3.2 மடங்கு. தைப்பிங்காரர் சொன்னது சரிதான், லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினால்.

லென்ஸை மாட்டிப் பாருங்கள். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது. டி90-இன் 18-105 ஜூம் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5-க்கு மேல் திறக்காது. சோனி எஃப் 1.8. அதனால் சதுர மில்லிமீட்டருக்கு விழும் வெளிச்சம் சோனியில் 3.8 மடங்கு. சென்சாரில் இழந்த 3.2-ஐ லென்ஸில் திருப்பி எடுத்துக்கொண்டு கையில் கொஞ்சம் மிச்சமும் வைத்துக்கொள்கிறது. ஆகவே வீட்டுக்குள், மங்கலில், அகலமாக எடுக்கும் படத்துக்குச் சட்டைப்பைக் கேமரா ஒரு படி மேலேயே நிற்கும். எடைத் தராசிலும் ஜெயித்தது, வெளிச்சத் தராசிலும் ஜெயித்தது.

6 ஜனவரி, சற்று நேரம் கழித்து

திருத்தம். மேலே எழுதியதில் 'அகலமாக' என்ற சொல்லைத் தடிமனாகப் படிக்கவும். ஜூம் செய்யச் செய்ய சோனி கண்ணை மூடிக்கொண்டே போகும்; கடைசியில் எஃப் 4.9. அதே நெருக்கத்துக்கு டி90 லென்ஸும் எஃப் 5 பக்கம்தான் இருக்கும். அங்கே இரண்டு லென்ஸும் சமம் என்பதால் சென்சாரின் மூன்று மடங்கு முழுசாகப் பேசும். பத்தடி தள்ளி நின்று மணப்பெண் முகத்தை நெருக்கமாக எடுக்க வேண்டுமென்றால் பெரியதுதான்.

கணக்குக்கு நன்றி, தைப்பிங் அண்ணே. பாதி உங்களுக்கு.

7 ஜனவரி

பேட்டரியைப் பற்றி ஒருவர் கேட்டார். டி90 ஒரு சார்ஜுக்கு 850 படம் என்று கணக்கு, சோனி 330. டி90-க்குத் தனி சார்ஜர் வேண்டும், அதை மறந்துவிட்டுப் போனால் கதை முடிந்தது. சோனி கைப்பேசிக்குப் போடுகிற பழைய மைக்ரோ யூஎஸ்பி வயரிலேயே சார்ஜ் ஆகும். அவ்வளவுதான்.

15 ஜனவரி

நேற்றுப் பொங்கலுக்குத் தோட்டத்துப் பழைய லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) போயிருந்தேன். ஒரு காலத்தில் ஆறு வரிசை வீடுகள். இப்போது ஒரே வரிசை, அதிலும் நான்கு வீடுகளில்தான் ஆள். சுற்றிலும் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது. கடைசி வீட்டில் என் அத்தை இருக்கிறார். தாமானுக்கு (டவுன் பக்கக் குடியிருப்புக்கு) வாங்க என்று பத்து வருடமாகக் கூப்பிடுகிறோம். கோழியை என்ன செய்வது என்று கேட்டே காலத்தை ஓட்டுகிறார்.

இரண்டு கேமராவையும் எடுத்துப் போனேன், இங்கே எழுதியதைச் சோதித்துப் பார்க்க. விடியுமுன் வாசலில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. ஏழு மணிக்கும் இருட்டு. ஜனவரியில் நம் பக்கம் சூரியன் எட்டிப் பார்க்க ஏழரை நெருங்கிவிடும். (1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள் இல்லையா? "அன்னிலேர்ந்து மரம் வெட்டப் போறவன் தூக்கத்துல அரை மணி போச்சு" என்று அப்பா சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் மரத்தைப் பாலுக்குக் கீறுவதைத்தான் மரம் வெட்டுவது என்போம். கடிகாரம் மாறினாலும் மரத்துக்குப் பால் வடிகிற நேரம் மாறாது, பிரட்டுக் களத்துக்கும் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) அதே இருட்டில்தானே போனீர்கள் என்று நான் கேட்டால், அதற்கும் திட்டு.)

சரி, கேமராவுக்கு வருகிறேன். அடுப்பு வெளிச்சமும் திண்ணையில் ஒரு குழல் விளக்கும்தான். டி90 எஃப் 3.5-இல் ஐஎஸ்ஓ 3200 கேட்டது (ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்கான கூருணர்வு; கூடக்கூடப் படத்தில் மணல் தூவியது மாதிரி புள்ளி விழும்). அதுதான் அதன் உச்சம், அதற்கு மேல் கட்டாய ஏற்றம். ஆர்எக்ஸ்100 எஃப் 1.8-இல் 800-ஓடு நின்றது. வீட்டில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மணல் தூவல். அன்று போட்ட கணக்கு தப்பவில்லை.

பிறகு டி90-இல் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். 155 கிராம் லென்ஸ், பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். அதுவும் 800-க்கு இறங்கியது, அதோடு மூன்று மடங்கு சென்சார். படம் அத்தனை சுத்தம், பின்னால் கோழிக்கூண்டு வெண்ணெயாய்க் கரைந்து நின்றது. ஒரே சிக்கல், இந்தச் சென்சாரில் 50 என்பது 75 மாதிரி நெருக்கிக் காட்டும். பானையும் ஆளும் சேர்ந்து வரவேண்டும் என்று பின்னால் நகர்ந்தேன், நகர்ந்தேன், லோங்கானில் (சாக்கடையில்) ஒரு கால். பால் பொங்கியதும் நான் விழுந்ததும் ஒன்றாக நடந்ததால் "பொங்கலோ பொங்கல்" யாருக்கு என்று தெரியவில்லை.

குழல் விளக்கு பற்றி: பழைய சோக் வைத்த விளக்கானால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். 1/250 வைத்தால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் கறுப்பு என்று வரும். இது இரண்டு கேமராவுக்கும் பொது.

15 ஜனவரி, மதியம்

காலையில் எழுதாமல் விட்டது ஒன்று. அதுதான் முக்கியமானது என்று சாப்பிடும்போது தோன்றியது.

டி90-ஐக் கண்ணுக்குத் தூக்கியவுடன் அத்தை முந்தானையை இழுத்துச் செருகி, கையைத் தொங்கவிட்டு, வாயை மூடி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றுவிட்டார். அடுப்பில் பால் கொதிக்கிறது, அவர் அசையவில்லை. "அத்தை, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றேன். "எடுத்துட்டியா?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

சோனியை எடுத்தபோது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னாடா அது, சவுக்காரப் பொட்டியாட்டம்?" என்று சிரித்தார் (சவுக்காரம் என்றால் சோப்பு). முன்பல் இரண்டு போய் ஆறேழு வருடமாகிறது. பால் பொங்கி வழிய, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தச் சந்து தெரிய ஒரு சிரிப்பு. டி90-இல் கண்ணாடி எழும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இதில் சத்தத்தை அணைத்துவிட்டால் எடுத்ததே தெரியாது. பதினாறு வருடமாக அத்தையைப் படம் எடுக்கிறேன், அவர் மாதிரியே இருக்கிற முதல் படம் இது.

ஆகவே தம்பி, என் தீர்ப்பு அதேதான்: விற்றுவிடு.

19 ஜனவரி

பூஞ்சை பற்றி ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்வதுதான். காற்றில் ஈரப்பதம் 40-50 விழுக்காட்டில் வைத்தால் வராது. அதற்கென்றே மின்சாரத்தில் ஓடும் உலர்பெட்டி விற்கிறார்கள். இல்லாவிட்டால் ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போடுங்கள். நிறம் மாறிய ஜெல்லை அடுப்பில் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். எதுவுமே முடியாதென்றால் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். தோல்பைக்குள் மூடி அலமாரி மேல் வைப்பதைப்போலப் பாவம் வேறில்லை.

அரிசிக்குள் வைக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். ஒரு மாதம் கழித்து எடுத்தபோது வியூஃபைண்டருக்குள்ளே வண்டு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. திரைமறைவில் குடித்தனம்.

இன்னொன்று, டி90-இன் கைப்பிடி ரப்பர் உப்பிக் கழன்றுவிட்டது. பதினாறு வருட வியர்வை. வயதான கேமரா எதற்கும் நேர்வதுதான். ஆனால் மூன்று தலைமுறையாக ரப்பர் மரம் வெட்டிய குடும்பத்தில் ரப்பர் கழன்று போனதை யாரிடம் போய்ச் சொல்வது! இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

சோனிக்குப் பிடியே கிடையாது, சவுக்காரம் என்று அத்தை சொன்னது சரி. வியர்த்த கையில் வழுக்கும். மணிக்கட்டில் கயிறு மாட்டாமல் எடுக்காதீர்கள்.

20 ஜனவரி

பூஞ்சை என்று எழுதிவிட்டு இரவு டி90-இன் 18-105 லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

இருக்கிறது. மூலையில், பிறை மாதிரி.

12 பிப்ரவரி

நேற்றுத் தைப்பூசம். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனேன். பேச்சுக்குக் கட்டுப்பட்டுச் சோனியை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதுகுவலி இல்லாத முதல் தைப்பூசம் என்று காடியில் (காரில்) போகும்போதே மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

புந்தோங்கிலிருந்து காவடிகள் வரத் தொடங்கியபோது எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் எனக்குக் கூட்டத்தில் வழி கிடைத்தது என் முகத்துக்காக இல்லை. கழுத்தில் அந்தக் கறுப்புப் பூதம் தொங்கினால் "போட்டோக்காரர் வர்றாரு, வழி விடுங்க" என்று கயிறு பிடிக்கிற பிள்ளைகளே உள்ளே விடுவார்கள். நேற்று சோனியை நீட்டினேன். "அங்கிள், பின்னால போங்க" என்றான் ஒரு பையன். அங்கிள்!

சரியென்று கையை உயர்த்தி எடுத்தேன். இந்த மாடலில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை கிடையாது, பின்திரைதான். பன்னிரண்டு மணி வெயிலில் திரையில் என் சட்டையும் வானமும்தான் தெரிந்தன. தோராயமாக அழுத்தினேன். அலகுக் காவடி ஒன்று சுழன்று ஆடிக்கொண்டு வந்தது, சோனி குவியத்தை முன்னும் பின்னும் தேடிக்கொண்டே நின்றது. டி90-இன் குவிய முறையே வேறு. கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டுமென்று முதலிலேயே தெரிந்துகொள்ளும், ஓடுகிறவரையும் விடாது. எனக்குக் கிடைத்தவை: பிடரிகள், ஒரு பால்குடம், ஒரு காவடியின் மயிலிறகுப் பாதி.

எஃப் 1.8 என்று பெருமையடித்தேனே, அதுவும் வெயிலில் உதவாது. பளீர் வெயிலில் ஐஎஸ்ஓ 125-க்கு எஃப் 16, 1/125. இந்தக் கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/2000. அதற்கு எஃப் 4 வரைதான் திறக்கலாம். எஃப் 1.8 வேண்டுமானால் 1/10,000 பக்கம் போகவேண்டும், அது இதில் இல்லை. விளக்கடியில் சூரன், வெயிலில் சாது.

தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் பவர்பேங்கில் சார்ஜ் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு நன்மை மிச்சம்.

4 ஜனவரியில் சொன்னதையும் 15 ஜனவரியில் சொன்னதையும் வாபஸ் வாங்குகிறேன். விற்காதே. இப்போதைக்கு.

13 பிப்ரவரி

"கைப்பேசியே போதுமே அண்ணே" என்று மூன்று பேர். போதும். படித்துவிட்டுப் படுங்கள்.

14 பிப்ரவரி

நேற்று எரிந்து விழுந்ததற்கு மன்னிக்கவும், தைப்பூச வெயில் இன்னும் இறங்கவில்லை. கைப்பேசியில் பகல் படம் அருமை; பின்னணி மங்கல் மட்டும் பொய், தலைமுடி ஓரத்தில் பாருங்கள், கத்தரித்து ஒட்டியது தெரியும். வீடியோவென்றால் டி90-ஐ மறந்துவிடலாம். டிஎஸ்எல்ஆரில் முதன்முதலில் வீடியோ எடுத்தது அதுதான் என்ற பெருமை உண்டு. ஆனால் 720 கோடு, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், எடுக்கும்போது குவியம் தானாக மாறாது. தாலி கட்டும் நேரத்தில் ஐந்தாவது நிமிடம் வந்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. அந்த வீட்டார் இன்றும் என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை.

2 மார்ச்

அத்தை ஆளனுப்பினார். "கேமராவ எடுத்துக்கிட்டு வரச்சொல்லு."

பொங்கல் படத்தை ஈப்போவில் கழுவி எடுத்துப் போனேன், சந்தோஷப்படுவார் என்று. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "பல்லு இல்லாதது தெரியுது. அழிச்சுடு."

பிறகு விஷயத்துக்கு வந்தார். சாமி ரூமில் மாமா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும், இப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும், பின்னால் யாரும் அலையக் கூடாது. நான் பையிலிருந்து சோனியை எடுத்தேன். "இது வேணாம். பெரிசு எங்க?"

மோட்டாரில் திரும்பிப் போய் டி90-ஐ எடுத்துவந்தேன். பூஞ்சை பிடித்த லென்ஸை விட்டுவிட்டு 50-ஐ மாட்டினேன். பச்சைப் பட்டுக் கட்டி, விபூதி வைத்து, சன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல விறைத்துக்கொண்டார். கொஞ்சம் சிரியுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஐசிக்கு எடுத்தவன் சிரிக்காதன்னான்" என்றார்.

அத்தை பிறந்தது 1948. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் அறிவித்த ஆண்டு. பன்னிரண்டு வயதானால் எல்லோருக்கும் அடையாள அட்டை, அதாவது ஐசி, என்று சட்டம் வந்ததும் அப்போதுதான். அத்தைக்குப் பன்னிரண்டு ஆனதும் தோட்டத்து லோரியில் பிள்ளைகளை ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்களாம். முக்காலி மேல் பெரிய பெட்டி, கறுப்புத் துணிக்குள் ஓர் ஆள். அசையாதே, சிரிக்காதே, காது தெரியணும். அதுவரை அத்தையை யாரும் படம் எடுத்ததில்லை. அந்த ஆள் சொன்னபடிதான் இன்றுவரை உட்கார்கிறார்.

நான் அதற்குமேல் கெஞ்சவில்லை. எஃப் 2.8, 1/100. சன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். காது தெரிய எடுத்தேன், இரண்டு காதும். மரம் வெட்டிய வலது கையில் கட்டைவிரல் அடியில் தழும்பு ஒன்று இருக்கிறது, அது மடியில் தானாக வந்து விழுந்தது. பின்திரையில் காட்டினேன். "இதுதான் போட்டோ" என்றார்.

5 மார்ச்

அத்தை படத்துக்குச் சட்டம் (பிரேம்) போட்டுக் கொடுத்துவிட்டேன். பொங்கல் படத்தை அழித்துவிட்டதாகவும் சொல்லிவிட்டேன். அழிக்கவில்லை.

லூனாஸ் தம்பிக்கு: டி90-ஐ வைத்துக்கொள், பழைய 50 எஃப் 1.8 ஒன்று தேடு. டி90 உடம்பிலேயே மோட்டார் இருப்பதால் விலை குறைந்த பழைய 'டி' வகை லென்ஸும் தானாகக் குவியும். 850 வெள்ளியில் பெரும்பகுதி மிஞ்சும். மிஞ்சியதில் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிறகு சோனியையும் வாங்கு. விற்றே தீருவேன் என்றால் முதலில் அந்த 18-105-ஐ டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விற்பனைக்குப் போடு. என்னுடையது வேண்டுமென்று யாரோ நேற்றுக் கேட்டிருந்தீர்கள், தருகிறேன், பிறையோடு.